அந்தச் சின்னப் பெட்டியைக் கழற்றாதீர்கள்

(எமது நிலையத்தில் புதிதாக வந்தவர்களுக்காக நடக்கும் சனிக்கிழமை ஒன்றுகூடலில் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே பெரும்பாலும் விடப்பட்டுள்ளது.)



போன முறை சொலிசிற்றர் வந்து பேசினபோது இந்த அறை நிறைந்து, கதிரை காணாமல் சுவரோடு நின்றீர்கள். இன்றைக்குப் பின்வரிசை காலி. புகை அலாரம் பற்றிப் பேச்சு என்றால் யார் வருவார்கள்? பரவாயில்லை. வந்த ஆட்கள் வராத ஆட்களுக்குச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் இருக்கிற வீட்டில் மேலே சீலிங்கில் வெள்ளையாக, வட்டமாக ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, அதைக் கழற்றி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? கை உயர்த்த வேண்டாம். பொலித்தீன் பையால் கட்டி வைத்தவர்கள்? சொக்ஸ் போட்டு மூடியவர்கள்? சிரிக்கிறீர்கள். எனக்கு விளங்குகிறது. நானும் அதே வேலை பார்த்த ஆள்தான். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

2003ஆம் ஆண்டு. ஈஸ்ட்ஹாமில் மூன்று அறை வீடொன்றில் நாங்கள் ஏழு பேர். கீழே குசினி. அதற்கு வெளியே, படிக்கட்டடியில் அந்தப் பெட்டி. செத்தல் மிளகாய் தாளித்தால் கத்தும். மீன் பொரித்தால் கத்தும். ரொட்டி கொஞ்சம் கருகினாலும் கத்தும். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். எங்களுக்கு இங்கிலிஸ் தெரியாது, விசா இல்லை, இந்த மனிசன் பொலிசுக்கு அடித்துவிடுவாரோ என்று பயம். அன்றைக்கே நான் கதிரையில் ஏறி, பெட்டியைத் திறந்து, பற்றரியைக் கழற்றி என் லாச்சிக்குள் போட்டேன். 'அண்ணை நல்ல வேலை செய்தீங்கள்' என்று எல்லாருக்கும் சந்தோசம்.

இரண்டு மூன்று கிழமை போயிருக்கும். எங்களோடு இருந்த ஒரு தம்பி இரவு பன்னிரண்டு மணிக்கு வேலையால் வந்தார். பசி. கிழங்கு பொரிக்க எண்ணெய்த் தாச்சியை அடுப்பில் வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் என்று முன்னறைச் சோபாவில் சாய்ந்தார். அவ்வளவுதான். மேலே நாங்கள் ஐந்து பேர் நித்திரை. ஒருவருக்கும் ஒன்றும் மணக்கவில்லை. நித்திரையில் மூக்கு வேலை செய்வதில்லை என்று பிறகுதான் படித்தேன். புகை மணந்து எழும்பிவிடுவேன் என்று இங்கே யாராவது நம்பிக்கொண்டு இருந்தால், அந்த நம்பிக்கையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது, அன்றைக்கு வேலை முறை மாறி நேரத்தோடு வீட்டுக்கு வந்த மற்றப் பொடியன். கதவைத் திறந்தால் வீடு முழுக்கக் கறுப்புப் புகை. அவன் போட்ட சத்தத்தில்தான் நாங்கள் எழும்பினோம். சோபாவில் கிடந்த தம்பி பதறிப்போய், எரிகிற தாச்சிக்குள் தண்ணீரை ஊற்றினார். எரிகிற எண்ணெயில் தண்ணீர் பட்டால் நெருப்பு பந்துபோல மேலே கிளம்பும். கையும் கழுத்தும் எரிந்தது. இன்றைக்கும் அவர் முழுக்கைச் சேட்டுத்தான் போடுவார்.

அந்த அலாரம் பழுதில்லை. நல்ல அலாரம். அதன் பற்றரி என்ரை லாச்சிக்குள் கிடந்தது.

சரி. ஊரில் இந்தப் பெட்டி இல்லாமல்தானே இருந்தோம் என்று கேட்பீர்கள். எங்கள் அம்மாமார் விறகு அடுப்பு ஊதித்தான் எங்களை வளர்த்தார்கள். உண்மை. ஆனால் ஊரில் பல வீடுகளில் குசினி புறம்பாக இருக்கும். ஓட்டு இடுக்கால் புகை போகும், யன்னல் எப்போதும் திறந்திருக்கும், ஏதும் நடந்தால் ஓரெட்டில் முற்றம். இங்கே குளிருக்காக இரட்டைக் கண்ணாடி போட்டு, இடுக்கெல்லாம் அடைத்து வைத்திருக்கிறார்கள். வெப்பமும் வெளியே போகாது, புகையும் போகாது. தரையில் கம்பளம், சோபாவில் ஸ்பொஞ்ச். அவை எரிந்தால் வருகிற புகை விறகுப் புகை மாதிரி இல்லை, சில மூச்சிலேயே ஆளை மயக்கிவிடும். அதோடு நாங்கள் இருப்பது மேல்மாடியில், ஒரே ஒரு படிக்கட்டு, அறைக்கு அறை பூட்டு.

அடுத்தது சமையல். அலாரம் கத்துகிறது என்பதற்காக எங்கள் சாப்பாட்டை விடத் தேவையில்லை. தாளிக்கும்போது குசினிக் கதவைச் சாத்துங்கள், யன்னலைத் திறவுங்கள், அடுப்புக்கு மேலே விசிறி இருந்தால் போடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். பல அலாரங்களில் நடுவில் ஒரு பொத்தான் இருக்கும். சமையல் புகைக்குக் கத்தினால் அதை ஒருமுறை அமத்தினால், கொஞ்ச நேரம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பிறகு தானாகவே வேலைக்குத் திரும்பும். எண்ணெய் தாச்சியில் இருக்கும்போது மட்டும் ஒருவரும் குசினியை விட்டுப் போகக் கூடாது. ஊரிலிருந்து ரெலிபோன் வந்தாலும், அடுப்பை நிறுத்திவிட்டுக் கதையுங்கள்.

இவ்வளவும் செய்தும் அடிக்கடி கத்துகிறதா? அப்படியானால் அது பிழையான இடத்தில் பூட்டிய பிழையான அலாரமாக இருக்கலாம். குசினிக்குப் புகையைப் பார்க்கிற அலாரம் சரிவராது. வெப்பத்தைப் பார்க்கிற ஹீற் அலாரம் என்று வேறு ஒன்று இருக்கிறது. அதை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். யாரைக் கேட்பது என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது பராமரிப்பு. கிழமைக்கு ஒரு தடவை பொத்தானை அமத்திச் சோதியுங்கள். எட்டாவிட்டால் தும்புத்தடிப் பிடியால் அமத்தலாம். சில விநாடி அமத்திப் பிடிக்க வேண்டும். பெரிய சத்தம் வரும், காது அடைக்கும். வராவிட்டால் அலாரம் வேலை செய்யவில்லை. ஒரு கிழமையை வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு காலை என்றால் ஞாயிறு காலை.

சோதிக்க முதல் வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. வன்னியால் வந்த ஒரு அக்கா இருந்த வீட்டில் ஒருவர் சொல்லாமல் அமத்திவிட்டார். அந்த அக்கா பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். நாங்கள் சத்தம் கேட்டால் விழுந்து படுத்துப் பழகின சனம். பங்கருக்குள் இறங்கிப் பழகின சனம். இந்தச் சத்தம் வேறு. இதற்குப் படுக்கக் கூடாது, ஒளிக்கக் கூடாது. வெளியே போக வேண்டும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். அதோடு, சின்னப் பிள்ளைகளில் நிறையப் பேர் அலாரச் சத்தத்துக்கு எழும்பவே மாட்டார்கள். யார் எந்தப் பிள்ளையைத் தூக்குவது என்று முதலே கதைத்து வையுங்கள்.

விட்டு விட்டு ஒரு 'பிக்' சத்தம், நிமிடத்துக்கு ஒரு தடவை போல வருகிறதா? அது நெருப்பு இல்லை. பற்றரி முடியப்போகிறது என்று சொல்கிறது. ஏன் இந்தச் சனியன் எப்போதும் விடியப்புறம் மூன்று மணிக்கே தொடங்குது என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. இரவில் வீடு குளிர்கிறது. குளிரில் பற்றரியின் வலு கொஞ்சம் இறங்கும். அரை உயிரோடு கிடந்த பற்றரி அந்த நேரம்தான் எல்லையைத் தாண்டும். காலையில் வீடு சூடானால் சத்தம் நின்றுவிடும், நாங்களும் மறந்துவிடுவோம். மறக்காதீர்கள். சதுரமான 9 வோல்ற் பற்றரி போடுகிற அலாரம் என்றால் புதுசு ஒன்று மாற்றுங்கள். சிலவற்றில் பத்து வருடப் பற்றரியை உள்ளே வைத்தே அடைத்திருப்பார்கள். அது கத்தினால் பெட்டியையே மாற்ற வேண்டும். கரண்டில் வேலை செய்கிற அலாரத்தில் ஒரு பச்சை வெளிச்சம் நிற்கும். அதிலும் பெரும்பாலும் உள்ளே ஒரு பற்றரி உண்டு, கரண்ட் நின்றால் அதுதான் காவல். காசு போடுகிற மீற்றர் உள்ள வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

அலாரத்துக்குள் தூசியும் சிலந்தி வலையும் போனாலும் வீணாகக் கத்தும். ஹூவரின் மெல்லிய தூரிகையால் இடைக்கிடை வெளிப்பக்கத்தைத் துடைத்து எடுங்கள். வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும்போது அதன்மேல் அடிக்காதீர்கள். பெட்டியில் ஒரு திகதி அச்சடித்திருக்கும். புகை அலாரத்துக்கு ஆயுள் பத்து வருடம். அதற்குமேல், பொத்தானை அமத்தினால் சத்தம் வந்தாலும் நம்பக் கூடாது. பொத்தான் சோதிப்பது பற்றரியையும் மணியையும்தான். புகையைப் பிடிக்கிற பாகம் களைத்துப்போனதை அது சொல்லாது.

இனி மற்றது. புகையைவிட எனக்குப் பயம் இதில்தான்.

பள்ளிக்கூடத்தில் காபனோரொட்சைட்டு என்று படித்திருப்பீர்கள். இங்கே காபன் மொனொக்சைட் என்பார்கள். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. காஸ், எண்ணெய், கரி, விறகு எதுவும் காற்றுப் போதாமல் எரியும்போது வருகிறது. இரத்தத்தில் ஒட்சிசனைக் காவுகிற ஈமோகுளோபினோடு இது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பீர்கள், ஆனால் உடம்புக்கு ஒட்சிசன் போகாது.

காஸ் ஒழுகினால் மணக்குமே என்று நினைக்காதீர்கள். காஸ் மணம் வேறு விசயம். அது ஆட்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று கம்பனி கலந்து விடுகிற மணம். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. புகை அலாரமும் இதைப் பிடிக்காது. இதற்குத் தனி அலாரம்.

அறிகுறி என்ன? தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், சத்தி, களைப்பு, மூளை குழம்பின மாதிரி. இங்கேதான் எங்கள் ஆட்களுக்கு ஆபத்து. எங்களில் யாருக்குத் தலையிடி இல்லை? இன்ரவியூவை நினைத்துத் தலையிடி, ஊரில் அம்மாவை நினைத்துத் தலையிடி, நித்திரை இல்லாமல் தலையிடி. இரண்டு பனடோல் போட்டுவிட்டுப் படுத்துவிடுவோம். ஆகவே உங்களை நீங்களே இரண்டு கேள்வி கேளுங்கள். வீட்டில் இருக்கும்போது வருகிற தலையிடி வெளியே போனால் குறைகிறதா? அதே வீட்டில் மற்ற ஆட்களுக்கும் அதே நேரத்தில் வருகிறதா? ஆம் என்றால் அது கவலைத் தலையிடி இல்லாமல் இருக்கலாம். உடனே யன்னல்களைத் திறந்து, அடுப்பையும் பொய்லரையும் நிறுத்தி, எல்லாரும் வெளியே போங்கள். 0800 111 999 என்ற காஸ் அவசர இலக்கத்துக்கு அடியுங்கள். இலவசம், 24 மணி நேரமும் இருக்கிறது. ஆள் மயங்கினால் 999. வைத்தியசாலையில் 'காபன் மொனொக்சைட்' என்ற அந்த இரண்டு சொல்லையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களும் வைரஸ் என்று நினைக்கக் கூடும். அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்குக் காசு இல்லை, விசா இல்லாதவருக்கும் இல்லை.

பொய்லரில் சுவாலை நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தால், சுற்றிக் கரி படிந்தால், யன்னலில் வழமைக்கு மாறாகத் தண்ணீர் வழிந்தால் சந்தேகப்படுங்கள். சாப்பாட்டுக் கடைக்கு மேலே அறை எடுத்து இருப்பவர்கள் இன்னும் கவனம். கீழே கரி அடுப்பு எரிந்தால் இந்த வாயு சுவராலும் தளத்தாலும் மேலே வரும். உங்கள் அறையில் காஸ் இல்லை என்பதால் பயமில்லை என்று சொல்ல முடியாது.

அம்மாமார் என்னைக் கோபிக்காதீர்கள், சாம்பிராணியையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை பிறந்தால் தலை முழுக வார்த்துச் சாம்பிராணிப் புகை காட்டுகிற பழக்கம் எனக்குத் தெரியும். என் பிள்ளைக்கும் மாமி காட்டினார். அந்தச் சிரட்டைத் தணலைப் பூட்டின அறைக்குள், பிறந்த பிள்ளைக்கும் பிள்ளை பெற்ற உடம்புக்கும் பக்கத்தில் வைப்பது இந்த நாட்டு வீட்டில் கூடாது. கரி சுவாலை அடங்கின பிறகும் இந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். ஹீற்றர் பழுதாகிப் போச்சு என்று பாபகியூ தட்டை அறைக்குள் கொண்டுவந்து குளிர் காய்வதும் இதேதான். அது சாவு. வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை.

இந்த அலாரம் அடித்தால் 'ஒன்றும் மணக்கவில்லையே, பொய் அலாரம்' என்று பற்றரியைக் கழற்றாதீர்கள். மணக்காது என்பதால்தானே அலாரம். குறைந்த அளவில் அது உடனே அடிக்காது, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பொறுத்துத்தான் அடிக்கும். அளவு கூடினால் மூன்று நிமிடத்துக்குள் அடிக்கும். இதன் ஆயுள் புகை அலாரத்தைவிடக் குறைவு. பல பெட்டிகளில் ஏழு வருடம், சிலவற்றில் பத்து. பெட்டியில் போட்டிருக்கிற திகதியைப் பாருங்கள்.

யார் இதையெல்லாம் தர வேண்டும்? இங்கிலாந்தில் வாடகை வீடு என்றால் 2015 ஒக்ரோபரில் இருந்து சட்டம் இருக்கிறது. ஆட்கள் வாழ்கிற ஒவ்வொரு மாடியிலும் ஒரு புகை அலாரமாவது இருக்க வேண்டும். 2022 ஒக்ரோபரில் அதை இன்னும் இறுக்கினார்கள். பொய்லர், காஸ் ஹீற்றர் போன்றவை பூட்டியிருக்கிற அறையில் காபன் மொனொக்சைட் அலாரமும் வேண்டும். காஸ் குக்கர் மட்டும் இருந்தால் சட்டம் கட்டாயப்படுத்தாது. நீங்கள் குடிவருகிற முதல் நாள் அவை வேலை செய்கின்றனவா என்று வீட்டுக்காரர் பார்க்க வேண்டும். பிறகு பழுது என்று நீங்கள் அறிவித்தால் திருத்தவோ மாற்றவோ வேண்டும். செய்யாவிட்டால் கவுன்சிலுக்குச் சொல்லலாம். கவுன்சில் 5,000 பவுண் வரை தண்டம் போடலாம். ஸ்கொட்லாந்து, வேல்ஸ் பக்கம் அனுப்பப்பட்டவர்களுக்கு வேறு சட்டம், ஆனால் அங்கும் அலாரம் கட்டாயம். காஸ் உள்ள வீட்டில் வருடம் ஒருமுறை காஸ் சேஃப் பதிவுள்ள ஆள் வந்து சோதித்து, அந்தக் கடதாசியின் பிரதி உங்களுக்குத் தரப்பட வேண்டும். பழைய ஆட்கள் கோர்கி என்பார்கள், 2009 ஏப்ரலோடு அந்தப் பெயர் மாறிவிட்டது.

ஹோம் ஒஃபிஸ் தந்த வீட்டில் இருப்பவர்கள் மைகிரன்ற் ஹெல்ப்புக்கு அடியுங்கள். 0808 8010 503, அதுவும் இலவசம். 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைப் போடுவார்கள். அவர்கள் தருகிற ரெஃபரன்ஸ் இலக்கத்தையும் அடித்த திகதியையும் எழுதி வையுங்கள். நாள் போயும் ஒருவரும் வராவிட்டால் அந்தத் துண்டோடு எங்களிடம் வாருங்கள்.

முறைப்பாடு செய்தால் கேஸ் பாதிக்குமா என்று ஒவ்வொரு முறையும் யாராவது என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். எல்லாருக்கும் கேட்கச் சொல்கிறேன். அலாரம் பழுது என்று சொல்வதற்கும் உங்கள் அகதி வழக்குக்கும் தொடர்பில்லை. 999க்கு அடித்து 'ஃபயர்' என்றால் வருவது தீயணைப்புப் படை. விசாக் கடிதம் கேட்பது அவர்கள் வேலை இல்லை. நெருப்பு இல்லாத நாளிலும் அவர்களைக் கூப்பிடலாம். வீட்டுக்கு வந்து பார்த்து ஆலோசனை சொல்வார்கள், காசில்லை. பல இடங்களில் தேவையான வீட்டுக்குப் புகை அலாரமும் பூட்டிவிடுவார்கள்.

கடைசியாக, அலாரம் உண்மையாக அடித்தால். எல்லாரையும் எழுப்பி வெளியே போங்கள், போகும்போது கதவுகளைச் சாத்திக்கொண்டு போங்கள். புகை மேலே நிற்கும், ஆகவே குனிந்து அல்லது தவழ்ந்து போங்கள். வெளியே போன பிறகு 999. போஸ்ற்கோட்டை ஒரு துண்டில் எழுதி இப்போதே கதவடியில் ஒட்டி வையுங்கள், பதற்றத்தில் சொந்த விலாசமே மறக்கும்.

திரும்பி உள்ளே போகாதீர்கள். எதற்காகப் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். நகைக்காக இல்லை. அந்த ஃபைலுக்காக. ஏஆர்சி கார்ட், சொலிசிற்றரின் கடிதங்கள், ஊரிலிருந்து கஷ்டப்பட்டு எடுப்பித்த கடதாசிகள். அது இல்லாவிட்டால் கேஸ் இல்லை என்று நினைப்பீர்கள். அந்த இரவு நானும் படிக்கட்டில் அரைவாசி திரும்பி ஏறினேன், அந்த ஃபைலுக்குத்தான். பின்னால் வந்தவன் சேட்டைப் பிடித்து இழுத்தான். கார்ட் தொலைந்தால் மறுபடி எடுக்கலாம். கடதாசிகளை இந்தக் கிழமையே ரெலிபோனில் படம் எடுத்து உங்கள் ஈமெயிலுக்கு அனுப்பி வையுங்கள், ஒரு பிரதியைச் சொலிசிற்றரிடம் கொடுங்கள். போட்டோக்கொப்பி இங்கே எங்கள் மெசினில் இலவசமாக எடுக்கலாம், செவ்வாயும் சனியும்.

அவ்வளவுதான். பின்மேசையில் மூன்று அலாரம் வைத்திருக்கிறேன். ஒன்று புகைக்கு, ஒன்று வெப்பத்துக்கு, ஒன்று காபன் மொனொக்சைட்டுக்கு. தேத்தண்ணி எடுக்க முதல் ஒவ்வொருவராக வந்து திகதி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்து, பொத்தானை ஒருதரம் அமத்திப் பாருங்கள். இப்போதே சொல்லிவிட்டேன், சத்தம் பெரிசாக இருக்கும்.